ஓலைச்சுவடி முதல் ஒளிப்படக் கோப்பு வரை

ஒரு நூலைப் படியெடுக்க எவ்வளவு காலம் செல்லும்? பார்வைக்கு இஃது எளிய வினா. ஆயினும் ஒரு சமுதாயம் தன் அறிவுச் செல்வத்தில் எதனைக் காத்தது, எதனை இழந்தது என்பதை இவ்வினாவுக்குரிய விடையே பெரும்பாலும் தீர்மானித்து வந்திருக்கிறது. எழுத்தாணி பிடித்த கை ஓடிய வேகத்துக்கு ஏற்பவே ஏடுகள் பிழைத்தன. அச்சுப்பொறி எவர் கையில் இருந்ததோ அவர் வேண்டிய நூல்களே முதலில் அச்சேறின. இன்று அத்தொழிலைக் கணினி ஏற்றுக்கொண்டுள்ளது. எனவே கணினியின் வேகத்தைப் பற்றிய பேச்சும், இயந்திரப் பித்தர்களுக்கு மட்டும் உரிய பேச்சாக இருக்க முடியாது.

பழைய பத்திரிகையொன்றின் பக்கத்தை உயர்தரமான ஒளிப்படமாக்கிக் கணினியில் திருத்த முயன்ற எவரும் ஓர் அனுபவத்தை அறிவர். கோப்புத் திறக்கச் சில நிமிடம். சாய்ந்த பக்கத்தை நிமிர்த்தச் சில நிமிடம். கறையை நீக்கக் கருவியைத் தொட்டதும் திரை அசைவற்று நின்றுவிடும். “ஸ்ரக்காகிவிட்டது” என்று சலித்துக்கொண்டு தேநீர் குடிக்க எழுந்து போவார்கள். அந்தச் சலிப்பின் பின்னால் ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அனுபவத்தை வைத்து அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

ஏடும் அச்சும்

பனை மலிந்த நாட்டில் எழுதுபொருளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஓலை நிலையானதன்று. பூச்சியும் ஈரமும் அதனைத் தின்னும்; சில தலைமுறைகளுக்கு ஒருமுறை பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதியாக வேண்டும். அதற்கு ஓய்வும் எழுத்தறிவும் வேண்டும். உழைப்பின் பயனைப் பிறர் கொண்டுபோக விட்டு, வயலிலும் கடலிலும் பாடுபட்டவர்க்கு அவ்விரண்டும் இருக்கவில்லை. ஆகவே கோயிலும் மடமும் வைத்தியர் குடும்பங்களும் கல்வியிற் சிறந்த வீடுகளும் தமக்கு வேண்டியவற்றையே படியெடுத்தன. எஞ்சியவை, எவரும் அழிக்காமலே அழிந்தன.

19ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் 1830களில் மானிப்பாயில் அச்சகம் நடத்தினர். 1841இல் ‘உதயதாரகை’ வெளிவந்தது. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். சமயப் போட்டியே இவ்விரு தரப்பாரையும் அச்சுக்கு அழைத்து வந்தது எனினும், அதன் பயன் சமயத்தைக் கடந்தது. படியெடுக்கும் உரிமை சில வீடுகளின் திண்ணையைவிட்டு வெளியே வந்தது.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) இம்மாற்றத்தின் மிக உயர்ந்த சான்று. 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என அவர் அச்சேற்றிய நூல்கள் ஒவ்வொன்றும் காலத்தோடு ஓடிய ஓட்டப்பந்தயமே. தொட்டால் ஒடியும் ஏடு; கட்டை அவிழ்த்தால் உதிரும் ஏடு. அவருக்குப் பின்னர் பத்தாண்டு கழித்து ஒருவர் வந்திருப்பாராயின் பார்ப்பதற்கு ஏடே இருந்திராது. படியெடுப்பவனுக்குப் பொறுமை வேண்டும் என்பர். உண்மை. ஆனால் படியெடுக்கப்படும் பொருளுக்குப் பொறுமை இல்லை. இதனை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கணினியைப் பற்றிப் பேசும்போதும் இதுவே நமக்கு அளவுகோல்.

ஒற்றைப் படியின் ஆபத்து

1933இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அந்த முயற்சியே யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் வித்து. 1959இல் அதன் எழில்மிகு கட்டடம் திறக்கப்பட்டது. பணக்கார வீட்டு அலுமாரிகளில் அடைந்து கிடந்த நூலும் சுவடியும், பள்ளி மாணவன் ஒருவன் கேட்டதும் அவன் கைக்கு வந்து சேரும் இடமாக அது வளர்ந்தது.

1981 மே 31ஆந் திகதி இரவு தொடங்கிய வன்செயலில், பொலிசாரும் காடையரும் இட்ட தீயில், அந்நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. ‘ஈழநாடு’ நாளிதழின் பணிமனையும் அந்நாட்களிலேயே தீக்கிரையானது. அச்சில் வேறிடங்களிற் கிடைத்த நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. ஆனால் ஏட்டுச்சுவடிகளையும், வேறெங்கும் சேர்த்து வைக்கப்படாத பழைய இதழ்த் தொகுதிகளையும் எந்தப் பணமும் மீட்டுத் தரவில்லை. கட்டடம் பின்னர் புதுக்கப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் நூலகம் மீண்டும் இயங்கலாயிற்று. எரிந்தவற்றின் இடம் வெறுமையாகவே உள்ளது.

அந்தத் தீயிட்டோரை வரலாறு மன்னிக்கப் போவதில்லை. அதேவேளை நமக்கும் அத்தீ ஒரு பாடத்தைச் சொல்லிற்று. ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் செல்வம், தன் பகைவனின் தீக்குச்சியை நம்பி வாழும் செல்வமாகும். பல படிகள், பல இடங்களில் இருத்தல் வேண்டும்.

1990: இரு நிகழ்ச்சிகள்

1957இல் வாசிங்டனில், அமெரிக்க நியம அளவீட்டுக் கழகத்தில் பணியாற்றிய ரசல் கிர்ஷ் என்பார், தம் கைக்குழந்தையின் ஒளிப்படம் ஒன்றை ‘சீக்’ என்ற கணினிக்குள் செலுத்தினார். ஒளிப்படத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டமும் கறுப்பா வெள்ளையா என எண்ணாக எழுதிக்கொள்வதே அவர் கண்ட வழி. பக்கத்துக்கு 176 கட்டம். மொத்தம் 30,976 படப்புள்ளிகள். அதற்கு மேற்பட்ட படத்தைத் தாங்க அக்கணினியின் நினைவகத்தில் இடமில்லை. படத்தின் அளவை நினைவகத்தின் அளவே வரையறுக்கும் என்ற விதி, கணினிப் படத்தின் பிறப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது.

1987இல் தோமஸ் நொல், ஜோன் நொல் என்ற சகோதரர் எழுதத் தொடங்கிய படந்திருத்தும் மென்பொருளை, அடோபி நிறுவனம் 1990 பெப்ரவரியில் ‘போட்டோஷொப்’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. மேலை நாடுகளின் பத்திரிகை அலுவலகங்களிலும் விளம்பரக் கூடங்களிலும் இருட்டறையின் வேலை மேசைக்கு வந்துவிட்டது.

அதே 1990இன் யூன் மாதத்தில் இங்கே யுத்தம் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. எரிபொருளும் மின்கலமும் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இடம்பெற்றன. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த ‘சிக்கன விளக்கில்’ ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். உலகம் கணினித் திரையில் ஒளிப்படத்தைத் திருத்தக் கற்றுக்கொண்ட ஆண்டுகளில், யாழ்ப்பாணம் இருளில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது. தொழில்நுட்பம் உலகமெங்கும் ஒரே நாளில் விடிவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஆயினும் அந்த இருளில் பத்திரிகைகள் நின்றுவிடவில்லை. அச்சுத்தாள் கிடையாதபோது பள்ளிக் கொப்பித் தாளிலும், கையில் அகப்பட்ட நிறத்தாளிலும் அவை அச்சாகி வந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, வீடுகளில் விட்டுச் சென்ற நூல்களும் இதழ்களும் மழைக்கும் கறையானுக்கும் இரையாயின. எஞ்சிய தாள்கள் இன்று பழுத்து, விளிம்பு நொறுங்கிக் கிடக்கின்றன. நீலத் தாளில், பழுப்புத் தாளில், கோடிட்ட கொப்பித் தாளில் மங்கிய மையால் அச்சிட்ட அப்பக்கங்களே ஒரு காலத்தின் சாட்சிகள். அவற்றைப் படமாக்க முனையும்போதுதான் கணினியின் வலுவைப் பற்றிய வினா எழுகிறது.

ஒரு பக்கத்தின் பாரம்

சிறிது கணக்குப் பார்ப்போம். 55 சென்ரிமீற்றர் உயரமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பத்திரிகைப் பக்கமொன்றை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் படமாக்கினால் உயரத்தில் ஏறத்தாழ 6,500 புள்ளியும் அகலத்தில் ஏறத்தாழ 4,700 புள்ளியும் வரும். மொத்தம் 3 கோடிக்கு மேற்பட்ட படப்புள்ளிகள். கிர்ஷ் தம் குழந்தையைக் கணினிக்குள் செலுத்திய படத்தைப் போல ஏறத்தாழ 1,000 மடங்கு.

வெறுங் கறுப்பு வெள்ளையாகச் சேமித்தால் ஒரு புள்ளிக்கு ஒரு பிற்று போதும். கோப்பு 4 மெகாபைற்றுக்குள் அடங்கும். சாம்பல் நிறச் சாயல்களோடு சேமித்தால் 31 மெகாபைற்று. முழு வண்ணத்தில், சுருக்காமற் சேமித்தால் 92 மெகாபைற்று. வெள்ளைத் தாளில் கறுத்த மையால் தெளிவாக அச்சான பக்கத்துக்கு முதல்வகை போதுமெனலாம். ஆனால் நீலத் தாளில் மங்கிய எழுத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் தாளும் எழுத்தும் ஒன்றாகிக் கரும்படலமாகிவிடும். வறுமைக் காலத்தில் வெளிவந்த பக்கத்துக்கே அதிக நினைவகம் வேண்டியிருக்கிறது! செல்வர் வீட்டுத் தெளிந்த அச்சு எளிய கணினியிலும் பிழைக்கும். முற்றுகைக்குள் அச்சான ஏழைத் தாள் வலுவான கணினியைக் கேட்கும். இம்முரண்பாட்டைக் கண்டுகொள்ளாமற் செய்யும் எந்த எண்ணிமப் பாதுகாப்பும் பாதிப் பாதுகாப்பேயாகும்.

இனித் திருத்தும் வேலைக்கு வருவோம். 92 மெகாபைற்று என்பது இன்றைய கணினிக்குப் பெரிதா என்று சிலர் கேட்கலாம். தனியே பார்த்தால் பெரிதன்று. ஆனால் மங்கிய சாயல்களை மீட்க வேண்டுமாயின் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிற்றுக்குப் பதிலாக 16 பிற்று வைப்பர். கோப்பு 184 மெகாபைற்றாகிறது. மூலப் படம் ஒன்று, திருத்திய படலம் ஒன்று, கறையகற்றிய படலம் ஒன்று என மூன்று படலம் அடுக்கினால் 550 மெகாபைற்றைத் தாண்டும். செய்ததை மீட்டெடுக்கும் வசதிக்காக மென்பொருள் பழைய நிலைகளையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். திறந்திருப்பது ஒரு பக்கமேயாயினும் அதன் பாரம் ஒரு கிகாபைற்றைக் கடந்துவிடும்.

கணினியின் உள்ளே இருக்கும் நினைவகங்களை ஒரு கமக்காரன் வீட்டோடு ஒப்பிடலாம். உலையிலிடக் கையில் எடுத்த அரிசி முறைவழியாக்கிக்குள் இருக்கும் சிறு நினைவகம். அடுக்களைப் பானையில் உள்ள அரிசி, ‘றாம்’ என வழங்கும் செயல் நினைவகம். கொட்டிலில் அடைத்த நெல் மூடை வன்தட்டு. அடுக்களைப் பானை சிறிதாயின் சமைப்பவள் பிடி அரிசிக்கும் கொட்டிலுக்கு ஓட வேண்டும். சமைக்கத் தெரியாதவள் என்று அவளைக் குறைசொல்லி என்ன பயன்?

கணினியில் நடப்பதும் இதுவே. செயல் நினைவகம் நிறைந்ததும், அதில் உள்ளவற்றில் ஒரு பங்கை வன்தட்டுக்கு எழுதிவிட்டுப் புதியதற்கு இடஞ் செய்கிறது. அடுத்த கணமே எழுதியதைத் திரும்பக் கேட்கிறது. செயல் நினைவகம் ஒரு வினாடியில் பல்லாயிரம் மெகாபைற்றை நகர்த்த வல்லது. சுழலும் வன்தட்டோ 100 அல்லது 150 மெகாபைற்றை நகர்த்தும்; அதுவும் தொடர்ச்சியாக வாசித்தால்தான். சிதறிக் கிடப்பதைத் தேடி எடுக்கும்போது, ஒவ்வொரு தேடலுக்கும் அதன் ஊசி ஒரு வினாடியின் நூறிலொரு பங்கைச் செலவிடுகிறது. திரை இறுகி நிற்கும் நேரமெல்லாம் இந்த ஓட்டத்தில் கழியும் நேரமே.

எனவே விலையுயர்ந்த முறைவழியாக்கியை வாங்கி, நினைவகத்தைச் சிக்கனமாக வைப்பவர் பணத்தை வீணாக்குகின்றனர். 2000களின் நடுப்பகுதி தொட்டு முறைவழியாக்கியின் துடிப்பு வேகம் முன்போல ஏறவில்லை. ஒன்றுக்குப் பதிலாகப் பல கருக்களை வைத்தே அதன் வலு கூட்டப்படுகிறது. படந்திருத்தும் வேலைகளுள் எல்லாவற்றையும் பல கருக்களுக்குப் பங்கிட முடியாது. அன்றியும் பழைய 32 பிற்று முறைமைகள் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட நினைவகத்தை நேராக முகவரியிட மாட்டா. 64 பிற்று முறைமை. வேலைக்குப் போதிய செயல் நினைவகம். தற்காலிகக் கோப்புகளுக்குச் சுழலாத திண்மநிலைத் தட்டு. இம்மூன்றும் இருந்தால் நடுத்தர முறைவழியாக்கியும் நிறைவாக உழைக்கும். மூலப் படத்தைத் தொடாது வைத்துப் படியிலே திருத்துதல், முடிந்த படலங்களை ஒன்றாக்குதல், நிமிர்த்தல் வெட்டல் போன்ற ஒரேமாதிரி வேலைகளைக் கூட்டாக இரவில் ஓடவிடுதல் என்பன செலவின்றிக் கிடைக்கும் வேகங்கள்.

காலக் கணக்கு

ஒரு நாளிதழ் 4 பக்கம். ஆண்டுக்கு 300 இதழ் என்று கொள்வோம். ஆண்டொன்றுக்கு 1,200 பக்கம். அதன் மூலப் படங்களுக்கு 110 கிகாபைற்று வேண்டும். நலிந்த கணினியால் பக்கத்துக்கு 3 நிமிடம் வீணாகுமாயின், ஓராண்டுத் தொகுதியில் 60 மணி நேரம் போகும். 30 ஆண்டுத் தொகுதியாயின் 1,800 மணி. நாளுக்கு 8 மணியாக 225 வேலைநாட்கள். ஒரு மனிதனின் உழைப்பில் ஏறத்தாழ ஓராண்டு, திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் கரைகிறது. அந்த ஓராண்டில் மேலும் எத்தனை தாள்கள் நொறுங்கும்? தாமோதரம்பிள்ளை எதிர்கொண்ட அதே பந்தயம் அன்றோ இது!

உழைப்பின் கணக்கைப் பார்க்காத முதலாளிக்கு, தொண்டரின் நேரம் இனாமாகத் தோன்றும். நமக்கு அவ்வாறு தோன்றுதல் கூடாது.

தன்னார்வலரின் கை

இந்தப் பந்தயத்தில் இறங்கியோர் பெரும்பாலும் அரசாங்கங்கள் அல்லர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் பரந்த தமிழர் தம் ஓய்வு நேரத்தில் இலக்கியங்களைத் தட்டச்சிட்டுப் பொதுவில் வைத்த பெருமுயற்சி. அம்முன்மாதிரியின் வழியில் 2005இல் ஈழத்து நூல்களுக்கென நூலகம் திட்டம் தோன்றிற்று. தட்டச்சிடல் மிகுந்த உழைப்பைக் கேட்பது. அழியும் தாளோ காத்திருக்காது. ஆகவே பக்கங்களைப் படமாக வருடிச் சேர்க்கும் முறை முதன்மை பெற்றது. இன்று நூலக நிறுவனம் பல்லாயிரக்கணக்கான நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் கட்டணமின்றி எவரும் படிக்க வைத்திருக்கிறது. எந்தப் பதிப்பகமும் இலாபங் கருதி மறுபதிப்புச் செய்யாத தொழிற்சங்கச் சிறுநூலும், சாதியெதிர்ப்புக் காலத்துப் பிரசுரமும், ஊர் வாசிகசாலை மலரும் அங்கே பெரும் பண்டிதர் நூல்களுக்குச் சரிநிகராக இருக்கின்றன. வரலாற்றை எழுதப்போகும் மாணவனுக்கு இதன் மதிப்பு விளங்கும்.

பிரித்தானிய நூலகம் 2004இல் தொடங்கிய அருகிவரும் ஆவணங்கள் நிகழ்ச்சித்திட்டமும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. இங்குள்ள இந்துக் கோயில்களின் சுவடிகளும், புரொட்டஸ்தாந்து சபை வழிவந்த ஆவணங்களும் அதன் உதவியோடு படமாக்கப்பட்டன. மூல ஆவணம் நாட்டைவிட்டு வெளியேறாது. படி மட்டுமே செல்லும் என்பது அதன் விதி. ஏடுகளையும் சிலைகளையும் கப்பலேற்றிச் சென்ற பழைய காலனித்துவ முறையோடு ஒப்பிடுகையில் இது வரவேற்கத்தக்க மாற்றமே.

ஆனால் உயர்தரக் கோப்பின் தொழில்நுட்ப நியமங்கள் மேலைநாட்டு ஆய்வுகூடங்களில் வகுக்கப்படுகின்றன. அக்கோப்புகளைச் சுமக்கும் பணியோ இங்குள்ள சிறிய கணினிகளின்மேல் விழுகிறது. நலிந்த கணினியோடு மல்லுக்கட்டுபவர் என்ன செய்வார்? தரத்தைக் குறைப்பார், வண்ணத்தைக் கைவிடுவார், 1992இல் நியமமாக வந்த ‘ஜேபெக்’ முறையில் இறுகச் சுருக்குவார், சுருக்கியதைத் திறந்து மறுபடி சுருக்குவார். ஒவ்வொரு முறையும் எழுத்தின் விளிம்பு தேய்கிறது. மூலத்தாள் இருக்கும்வரை இது பெருங்குற்றமன்று. தாள் போனபின், அத்தேய்ந்த படமே மூலமாகிவிடும். கருவியின் வறுமை இவ்வாறு வரலாற்றின் வறுமையாக மாறுகிறது.

வாசகனுக்குச் சிறிய கோப்புப் போதும். கைத்தொலைபேசியிற் படிக்கும் மாணவனிடம் 92 மெகாபைற்றைத் திணிக்க வேண்டியதில்லை. பாதுகாப்புப் படி வேறு, வாசிப்புப் படி வேறு என்ற தெளிவு வேண்டும். முன்னது குன்றாமல் இருந்தால் பின்னதை என்றும் ஆக்கிக்கொள்ளலாம்; பின்னதிலிருந்து முன்னதை எந்த மந்திரத்தாலும் ஆக்க முடியாது.

கருவி யாருடையது?

2013இல் அடோபி நிறுவனம் தன் மென்பொருளின் புதிய பதிப்புகளை ஒருமுறை விலைக்கு வாங்கும் வழியை மூடி, மாதச் சந்தா முறைக்கு மாற்றிற்று. உழவனுக்கு ஏரை விற்காது வாடகைக்கு மட்டும் கொடுக்கும் முறைக்கு இஃது ஒப்பாகும். வாடகை நின்ற மாதம் ஏரும் நிற்கும். டொலரில் வாடகை கட்டுவது உரூபாயிற் சம்பளம் பெறும் ஊர் நூலகத்துக்கு இயலுமா? திருட்டுப் பிரதியை நாடுவதே வழி என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அது தேவையற்றது. 1990களின் நடுவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கிய ‘கிம்ப்’ என்னும் கட்டற்ற மென்பொருள், பெரிய படத்தைச் சிறு ஓடுகளாகப் பகுத்து, வேண்டிய ஓட்டை மட்டும் நினைவகத்திற்கு அழைக்கும் முறையிலே ஆக்கப்பட்டது. எவ்வளவு நினைவகத்தைக் கொள்ளலாம் என்பதையும் பயன்படுத்துவோரே வகுத்துக்கொள்ளலாம். பலருடைய கூட்டுழைப்பில் வளர்ந்து, எவருக்கும் உடைமையாகாது நிற்கும் கருவி அது. நம் பாடசாலைகளில் இதனைக் கற்பிக்கத் தடை யாது?

மென்பொருளை இவ்வாறு விடுவித்துக்கொள்ளலாம். வன்பொருளை அவ்வாறு செய்தல் எளிதன்று. 2022இன் பொருளாதார நெருக்கடி இதனை நமக்குக் கசப்பாக உணர்த்திற்று. உரூபாயின் மதிப்பு சில மாதங்களுள் சரிந்தது. இறக்குமதிப் பொருளெல்லாம் எட்டாக்கனியாயிற்று. தாளின்மையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டது. செயல் நினைவகம் மின்சாரம் அறுந்த கணமே யாவற்றையும் மறந்துவிடும் தன்மையது. சேமிக்காத பக்கம் போனது போனதுதான். 1990களில் முழு இருள்; 2022இல் விட்டு விட்டு வந்த இருள். கணினியின் வேகத்தைக் கணக்கிடுவோர் மின்சாரத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

2025இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்காகப் பெருநிறுவனங்கள் கட்டும் தரவுக்கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டமையால் அவற்றின் விலை உலகமெங்கும் கடுமையாக ஏறிற்று. ஊர் வாசிகசாலையின் பழங்கணினிக்கு ஒரு நினைவகத் துண்டு வாங்கச் செல்பவர், தாமறியாமலே உலகின் மிகப்பெரிய முதலாளிகளோடு ஏலத்திற் போட்டியிடுகிறார். நினைவும் சந்தைச் சரக்காகிவிட்ட காலம் இது.

இலண்டனின் இருள்

இறுதியாக ஒன்று. 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினி முறைமைகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. அதன் நூற்பட்டியலும் எண்ணிமப்படுத்திய சுவடிகளும் மாதக்கணக்கில் எட்டாமற் போயின. செல்வமும் காவலும் மிகுந்த நிறுவனத்துக்கே இக்கதி. 1981இல் தீயாய் வந்த பாடம், 2023இல் வேறு வடிவில் வந்தது. ஒரே மையத்தை நம்பியிருத்தல் யாழ்ப்பாணத்திலும் ஆபத்து, இலண்டனிலும் ஆபத்து.

மேலே கணக்கிட்ட 30 ஆண்டு நாளிதழின் மூலப் படங்கள் ஏறத்தாழ 3.3 ரெறாபைற்று. மூன்று படி எடுத்து மூன்று இடங்களில் வைத்தால் 10 ரெறாபைற்று. இன்று கடையில் விற்கும் சில வன்தட்டுகளில் இஃது அடங்கிவிடும். ஒரு திருமண மண்டபத்தின் ஒருநாள் அலங்காரச் செலவை எண்ணிப் பார்க்கும்போது இது பெருந்தொகையன்று. பணத்தைவிட வேண்டப்படுவது பொறுப்புணர்ச்சி.

ஆசிரியரே, மாணவரே! உங்கள் ஊரில் எங்கோ ஒரு வீட்டுப் பரணில் பழைய இதழ்க் கட்டு இருக்கிறது. கறையான் அதனை உங்களுக்கு முன்னரே கண்டுகொண்டிருக்கக்கூடும். அதனைக் கீழிறக்கித் தூசு தட்டிப் படமாக்குங்கள். வண்ணத்தில் எடுங்கள். மூலப் படத்தைச் சுருக்காமல் வையுங்கள். ஒரு படியைப் பாடசாலையிலும் ஒரு படியை வேற்றூரிலும் சேருங்கள். கணினி நலிந்ததாயின், நினைவகத்தைப் பெருக்கித் தருமாறு பழைய மாணவரிடமும் பிரதேச சபையிடமும் கேளுங்கள். விளையாட்டு மைதானத்துக்குக் கேட்கும் உரிமையோடு இதற்கும் கேளுங்கள்.

சிறுப்பிட்டியார் தனியொருவராகச் செய்ததை இன்று பலர் கூடிச் செய்யலாம். ஏடு இன்னும் சிறிது காலமே காத்திருக்கும்.